உங்கள் வேலையைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா?

பட்டம் வாங்கிய பிறகு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தைத் தாண்டி வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. படித்தது வணிகவியல். இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஆள் எடுக்கும்போது வரும் விண்ணப்பங்களை முதலில் படித்துப் பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்ததும் தெரியும், வந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பதும் தெரியும் என்பதால், இன்று அந்த நிலையில் இருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

கல்லூரி முடிகிறவரை அடுத்து என்ன என்பதை யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பரீட்சை எப்போது, முடிவு எப்போது, அடுத்த பருவம் எப்போது என்று எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளிலிருந்து எதற்கும் தேதி இல்லை. விண்ணப்பம் அனுப்பினால் பதில் எப்போது வரும் என்று தெரியாது. பெரும்பாலும் பதிலே வராது. "இல்லை" என்று ஒரு வரி வந்தால்கூட மனம் அடுத்த வேலைக்குப் போய்விடும். ஒன்றுமே வராதபோதுதான், நம்மிடம் ஏதோ குறை இருக்கிறது என்று தோன்ற ஆரம்பிக்கிறது.

அந்த எண்ணத்தை முதலில் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, 2023இல் உலகம் முழுவதும் 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் ஏறத்தாழ ஆறரைக் கோடிப் பேர். அதாவது அந்த வயதில் வேலைச் சந்தையில் இருப்பவர்களில் 13 சதவீதம். வேலையிலும் இல்லை, படிப்பிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் அந்த வயதினர் எல்லாரிலும் ஐந்தில் ஒருவர். அவர்களில் மூன்றில் இரண்டு பேர் பெண்கள். வருமானம் குறைந்த நாடுகளில் இன்னொன்றும் உண்டு. படிக்காதவர்களைவிடப் படித்தவர்களிடையேதான் வேலையின்மை விகிதம் கூடுதல். ஏழை வீட்டுப் பிள்ளை கிடைத்த வேலையை உடனே எடுத்தாக வேண்டும். காத்திருக்கக் கொஞ்சமாவது வசதி வேண்டும். படிப்புக்கு ஏற்ற வேலைகள் பட்டதாரிகள் பெருகிய வேகத்தில் பெருகவும் இல்லை.

இந்தக் கணக்கிலும் முழுப் படம் வராது. வேலை இல்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறார், அதோடு வேலை தேடிக்கொண்டும் இருக்கிறார் என்றால்தான் ஒருவரை வேலையில்லாதவர் என்று எண்ணுவார்கள். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார். இடையில் ஒரு மாதத்துக்கு மேல் நான் எதற்குமே விண்ணப்பிக்கவில்லை. மனது விட்டுப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால் வேலையில்லாதவர்கள் பட்டியலில்கூட என் பெயர் வந்திருக்காது. என்னைப் போல அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் எத்தனையோ பேர்.

சரி, தவறு நம்முடையது மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் வேலை கிடைத்துவிடாது. ஆனால் ஒவ்வொரு நாளையும் எப்படி நடத்துவது என்று யோசிக்கும் தெம்பு வரும்.

நாள் என்று சொன்னேன். பெண்ணாக இருந்தால் அந்த நாள் உங்கள் கையில் இருக்காது. "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் வந்து சேரும். கேஸ் சிலிண்டர்காரர் வருவார், கதவைத் திற. பாட்டியை மருத்துவரிடம் கூட்டிப்போ. அக்கா குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வா. ஒவ்வொன்றும் சின்ன வேலைதான், யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதும் இல்லை. ஆனால் ஒரு விண்ணப்பத்தை உட்கார்ந்து ஒழுங்காக எழுத இடைஞ்சல் இல்லாத இரண்டு மணி நேரம் வேண்டும். அது கிடைக்காது. பையன்களுக்கு வேறு விதமான தொல்லை. அவர்களை வீட்டில் இருக்கவே விடமாட்டார்கள், "வெளியில் போய் நாலு பேரைப் பார்" என்று விரட்டுவார்கள். எங்கே போவது என்றுதான் தெரியாது.

நான் செய்தது இதுதான். அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். "காலையில் ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் நான் ஆபீஸ் போயிருக்கிற மாதிரி நினைச்சுக்கோம்மா. அந்த நேரத்தில் சிலிண்டர் வந்தாலும் நீதான் போகணும். அதுக்கப்புறம் நீ சொல்ற எல்லா வேலையும் செய்றேன்." முதல் வாரம் அம்மாவுக்குப் பழகவில்லை, இரண்டு மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். நான் எழுந்து போகவில்லை. அப்புறம் பழகிவிட்டது. நாள் முழுவதும் என்னுடையது என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. மூன்று மணி நேரம் என்று வரையறுத்துக் கேட்டதால் கிடைத்தது. வேலை தேடலுக்கு மூன்று மணி நேரம் போதும் என்பது என் அனுபவம். அதற்குமேல் உட்கார்ந்தால், விளம்பரங்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நடக்கும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல சான்று. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் எல்லாருக்கும் வேலை கொடுத்துவந்த நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே போய் மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்தது. 1933இல் முடிவுகள் வெளிவந்தன. வேலை போனதும் ஓய்வு நேரம் கூடியது, நூலகத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. வேலை என்பது சம்பளம் மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பையும், பிறரோடு சேர்ந்த ஒரு நோக்கத்தையும், சமூகத்தில் ஓர் இடத்தையும், கைக்குத் தொடர்ந்து வேலையையும் தருகிறது என்று யகோடா பின்னாளில் எழுதினார். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கையில் நேரம் இருந்தும் ஒரு புத்தகத்தைக்கூட முடிக்க முடியவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். ஊரே அப்படி ஆகியிருக்கிறது. சம்பளத்தை நாமாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. மற்ற ஐந்தையும் ஓரளவுக்கு உண்டாக்கிக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பங்களைப் படிக்கிற இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் இது எனக்கு முழுதாகப் புரிந்தது. எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். எல்லாரிடமும் பட்டம் உண்டு. எல்லாரும் கடின உழைப்பாளிகள், குழுவாகச் சேர்ந்து பணியாற்றுபவர்கள், விரைவாகக் கற்றுக்கொள்பவர்கள். அவர்களுக்குள் வித்தியாசம் இல்லை என்று சொல்லவில்லை. நிச்சயம் இருக்கும். ஆனால் அந்தத் தாளில் அது தெரியாது. பட்டம் என்பது ஒருவரின் திறமையை முன்பின் தெரியாத முதலாளிக்குக் காட்டும் ஓர் அடையாளம் என்று 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எல்லார் கையிலும் ஒரே அடையாளம் இருந்தால் யார் யார் என்று எப்படித் தெரியும்? அப்போது, "இந்தப் பெண் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னாலோ, செய்த வேலையையே கண் முன்னால் காட்டினாலோ அந்த விண்ணப்பம் தனியாகத் தெரிகிறது. ஆள் தேர்வைப் பற்றி 85 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இருவர் தொகுத்தார்கள். ஒருவர் எத்தனை வருடம் படித்தார் என்பதைவிட, அந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது, அவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை அதிகம் காட்டுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று.

வேலையே கிடைக்காதவள் வேலையை எப்படிக் காட்டுவது? எனக்கும் இதே கேள்விதான். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம்.

எனக்கு வழி திறந்தது ஒரு விளையாட்டுக் குழுவின் கணக்கில். என் தோழியின் தம்பி ஆடும் குழு அது. உறுப்பினர்கள் சந்தா கொடுப்பார்கள், பந்து, வலை, மைதான வாடகை என்று செலவு நடக்கும். பொருளாளர் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். ஆண்டுக் கூட்டம் வரப்போகிறது, நோட்டுக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒத்துவரவில்லை. அவர்களுக்கும் கணக்குத் தெரிந்த ஆள் தேவை, எனக்கும் ஒரு நிஜக் கணக்கு தேவை. போனேன். ஒரு பை நிறைய ரசீதுகள். சிலவற்றில் மை மங்கித் தேதியே தெரியவில்லை. எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, எக்செல்லில் ஏற்றி, வங்கி அறிக்கையோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தேன். பெரும்பாலான வித்தியாசங்கள் லேசில் தீர்ந்துவிட்டன. எழுதிக்கொடுத்த காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை, வங்கி பிடித்த கட்டணம் நோட்டில் ஏறவில்லை, இந்த மாதிரி. கடைசியில் 450 மட்டும் நின்றது.

450 என்பது ஒன்பதால் வகுபடும் எண். இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். கல்லூரியில் ஓர் ஆசிரியர் போகிற போக்கில் சொன்னது. அதனால் தொகைகளைக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, இலக்கம் மாறியிருக்கிறதா என்று மட்டும் தேடினேன். 5,830 என்று இருக்க வேண்டியது நோட்டில் 5,380 என்று இருந்தது. மைதான வாடகை. அவ்வளவுதான். பொருளாளர் அந்த வரியைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மேல் சிலருக்குச் சந்தேகம் வந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மூன்று வருடம் படித்த படிப்பு ஒரு மனிதருக்கு நேரடியாக உதவியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தேன். என்ன நிலையில் கணக்கு வந்தது, என்ன செய்தேன், எங்கே என்ன வித்தியாசம் இருந்தது, கடைசியில் எப்படி ஒத்துவந்தது. குழுவின் பெயரையும் உறுப்பினர்களின் விவரங்களையும் எடுத்துவிட்டு, பொருளாளரிடம் காட்டி, இதை வெளியில் காட்டலாமா என்று கேட்டு அனுமதி வாங்கினேன். இந்த அனுமதி மிகவும் முக்கியம். அடுத்தவர் கணக்கை அவருக்குத் தெரியாமல் ஊருக்குக் காட்டுகிறவரை யாரும் கணக்குப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள்.

உங்கள் படிப்பு வேறாக இருக்கலாம். கணினி படித்தவர் ஓர் அமைப்பு நோட்டில் வைத்திருக்கும் பதிவேட்டை ஒழுங்கான தரவுத்தளமாக மாற்றித் தரலாம். மொழி படித்தவர் ஒரு சிறு நிறுவனத்தின் விளக்கக் குறிப்பைப் புரியும்படி திருத்தி எழுதி, முன்னும் பின்னும் சேர்த்துக் காட்டலாம். இயந்திரவியல் படித்தவர் ஒரு பட்டறையில் அடிக்கடி உடையும் பாகத்தை அளந்து வரைந்து, ஏன் உடைகிறது என்று இரண்டு பக்கம் எழுதலாம். அது நிஜ ஆளின் நிஜப் பிரச்சினையாக இருக்க வேண்டும், முடிந்துபோயிருக்க வேண்டும், ஒரு பக்கத்தில் சொல்ல முடிய வேண்டும்.

இலவசமாக வேலை செய்யச் சொல்கிறேனா? இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். லாபத்துக்கு நடக்கும் ஒரு நிறுவனம் "முதலில் சில மாதம் சம்பளம் இல்லாமல் செய், பிறகு பார்க்கலாம்" என்றால் போகாதீர்கள். அந்தப் "பிறகு" வருவது அபூர்வம். தன்னார்வலர்கள் நடத்தும் குழு, நூலகம், சங்கம் போன்ற இடங்களில், எப்போது முடியும் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சின்ன வேலை. அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் செய்து காட்டச் சொல்லும் வேலையும் அப்படித்தான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவது நியாயம். ஒரு வாரம் எடுக்கும் வேலையைக் கொடுத்தால் அது தேர்வு இல்லை, உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்வது.

காட்டுவதற்கு ஒன்று கைக்கு வந்த பிறகு, அதை யாருக்குக் காட்டுவது? நான் நெருங்கிய நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்களும் என்னைப் போலவே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள், நான் பார்த்த அதே விளம்பரங்களைத்தான் அவர்களும் பார்த்திருந்தார்கள். இதைத்தான் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதினார். பாஸ்டன் அருகே ஓர் ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை எத்தனை முறை சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்போம் என்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திக்கும் ஆளிடமிருந்தே தகவல் வந்திருந்தது. பிறகு, வேலை சார்ந்த தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தைப் பயன்படுத்தும் இரண்டு கோடிப் பேரின் தரவை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2022இல் வந்தது. அதுவும் நெருங்கியவர்களைவிட, ஓரளவு தெரிந்தவர்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறார்கள் என்று காட்டியது. நமக்குத் தெரியாத இடங்கள் அவர்களுக்குத்தான் தெரியும்.

வேலை இல்லாதவர்கள் முதலில் விட்டுவிடுவதும் ஓரளவு தெரிந்தவர்களோடு இருக்கும் இந்தத் தொடர்புகளைத்தான். விசேஷங்களுக்குப் போவதில்லை, பழைய வகுப்புத் தோழர்களின் குழுவில் பேசுவதில்லை, தெரிந்த முகம் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம். "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்ற கேள்விக்குப் பயந்து நானும் ஒதுங்கித்தான் இருந்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார்செய்து வைத்துக்கொண்ட பிறகுதான் வெளியில் போக முடிந்தது. "தேடிக்கிட்டுதான் இருக்கேன் சித்தப்பா. கணக்குப் பிரிவு வேலையாப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறவங்க யாராவது இருந்தா அறிமுகப்படுத்துங்க, என்ன தெரிஞ்சிருக்கணும்னு கேட்கணும்." கேட்டவரிடமே ஒரு சின்ன வேலையைக் கொடுத்துவிட்டால் அறிவுரை குறைந்துவிடுகிறது. சிலர் உண்மையிலேயே உதவினார்கள்.

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது, சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். என்ன வேலை தெரியும், எந்தப் பிரிவு, யாரிடம் பேச வேண்டும் என்று குறிப்பாகச் சொன்னால் அவருக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். பள்ளியில் என்னோடு படித்தவளின் அக்காவுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினேன். அவரை வாழ்க்கையில் ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருப்பேன். "எங்க ஆபீஸ்ல கணக்கு பார்த்துட்டு இருந்த பொண்ணு அடுத்த மாசம் விலகுறா. இன்னும் விளம்பரம் குடுக்கல. மேலாளர்கிட்ட உன் பேரைச் சொல்லட்டுமா?" என்று பதில் வந்தது.

அந்த நேர்முகத்தில் மேலாளர் என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இந்த 450ஐ எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்து, ஒரு காசோலை மூன்று மாதமாகப் பணமாகாமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றார். பேச்சு அப்படியே வேலையைப் பற்றிப் போய்விட்டது. உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன என்ற கேள்விகள் வரவே இல்லை.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வருபவருக்கு ஒரு பக்கம் போதும். "கடின உழைப்பாளி" என்பதை எடுத்துவிட்டு, செய்த ஒரு வேலையை எழுதுங்கள். பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள், தாளைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பெரிய நிறுவனங்களில் மென்பொருள்தான் முதலில் படிக்கும், படத்திலும் சிக்கலான கட்டங்களிலும் இருக்கும் எழுத்தை அது தவறவிடலாம். கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும். மின்னஞ்சலில் வெறுமனே கோப்பை மட்டும் இணைத்து அனுப்புபவர்கள் நிறைய. நான்கு வரி எழுதுங்கள். எந்த வேலைக்கு, ஏன் அந்த இடம், என்ன செய்திருக்கிறீர்கள். நான் படிக்கும்போது முதலில் அந்த நான்கு வரியைத்தான் பார்க்கிறேன்.

இடைவெளியைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. வேலையில்லாத காலம் நீள நீள நேர்முக அழைப்புகள் குறைந்தன, முதல் எட்டு மாதங்களில்தான் அந்தச் சரிவு அதிகம். அநியாயம்தான், ஆனால் நடக்கிறது. பொய் சொல்லி அந்த இடைவெளியை மூடக் கூடாது, விசாரித்தால் தெரிந்துவிடும். "படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் இந்தக் கணக்கைச் சரிசெய்து கொடுத்தேன், இந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டேன்" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். குடும்பச் சூழ்நிலை, உடல்நிலை என்று நீளமாக விளக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. வேலை கிடைக்காமல் சோர்ந்து போனவர்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் இருக்கிறது. என் வகுப்பில் படித்த ஒருவனுக்கு நேர்முகம் இல்லாமலேயே பணி நியமனக் கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. பயிற்சிக்கும் பின்னணி விசாரணைக்கும் என்று பணம் கேட்டார்கள், திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அவன் வீட்டில் கடன் வாங்கிக் கட்டினார்கள். அவர்கள் கொடுத்த தொலைபேசி எண்ணை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவே இல்லை. பணம் போனதைவிட, வீட்டில் அவன் முகத்தை நிமிர்த்திப் பேச முடியாமல் போனதுதான் பெரிய இழப்பு. வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். கடிதம் வந்தால் அதில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடி, அதில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்காதீர்கள், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். வீட்டிலிருந்தே வேலை, உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும், அதை இன்னொரு கணக்குக்கு அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் உடனே விலகிவிடுங்கள். திருட்டுப் பணத்தைக் கைமாற்ற உங்கள் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள், வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. எத்தனை முறை எழுதுவது, எந்த வயது வரை என்று முதல் நாளே வீட்டாரோடு பேசி முடிவுசெய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் தவறும்போது, இன்னும் ஒரே ஒரு முறை என்று தோன்றும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு தெளிவாக இருக்காது. வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மேல்படிப்பில் சேர்வதும் இதே மாதிரிதான். இரண்டு வருடம் கழித்து, கூடுதல் கடனோடு இதே இடத்தில் நிற்க நேரலாம்.

எனக்குக் கிடைத்த முதல் வேலையில் சம்பளம் குறைவு. நண்பர்களிடம் சொல்லவே தயக்கமாக இருந்தது. பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போது பட்டம் வாங்குகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று கனடாவில் நீண்ட காலத் தரவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆரம்பத்தில் அவர்கள் வருமானம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் அந்த இழப்பு பாதியாகிறது, பத்து வருடத்தில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. மீண்டவர்கள் பெரும்பாலும் மெல்ல மெல்ல நல்ல நிறுவனங்களுக்கு மாறி மாறித்தான் மீண்டார்கள். ஜப்பானில் 1990களின் மத்தியிலிருந்து 2000களின் ஆரம்பம் வரை பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த வாய்ப்பு சரியாக அமையவில்லை. புதிதாகப் படிப்பை முடிப்பவர்களை மொத்தமாக எடுப்பதுதான் அங்கே வழக்கம். அந்த வருடம் தவறியவர்கள் பலருக்குப் பிறகு நிரந்தர வேலைக்குள் நுழைவதே கஷ்டமாகிவிட்டது. அதனால் முதல் வேலை சிறியதாக இருந்தாலும், உங்கள் துறைக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். எடுத்த நாளிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மாதாமாதம் குறித்து வையுங்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் குறிப்பு நீளவில்லை என்றால் அடுத்த இடத்தைத் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தினமும் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். ஏதாவது ஆகியிருந்தால் பிள்ளையே ஓடிவந்து சொல்லிவிடும். என் அப்பா வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "இந்த வாரம் நான் ஏதாவது செஞ்சு குடுக்கணுமா?" என்று கேட்பார். சில நாள் தாள் நகலெடுத்து வரச் சொல்வேன், சில நாள் ஒன்றும் வேண்டாம் என்பேன். அந்தக் கேள்வி எனக்குப் பெரிய தெம்பு. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை இருந்தால், அதைச் சோம்பல் என்று நினைக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் நாள் பார்க்காமல் அன்றைக்கே போங்கள்.

கடைசியாக, ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்று. ஒரு இடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்க முடியும், ஆனால் எங்களுக்குப் பிடித்தவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இல்லை என்று நாங்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்கு மிகச் சிலர்தான் பதில் எழுதுகிறார்கள். "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. எதில் நான் இன்னும் தேற வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பின்னால் இடம் வந்தால் தெரியப்படுத்துங்கள்." இவ்வளவுதான் எழுத வேண்டியது. தேர்வானவர் வேறு இடம் கிடைத்து வராமல் போவதும், வந்து ஒரே மாதத்தில் விலகுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது மறுபடி விளம்பரம் கொடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க எங்கள் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்தப் பதில் எழுதியவரைத்தான் முதலில் கூப்பிடுகிறோம்.